ஃப்ளெக்ஸில் இடமில்லாத அத்தை



இது நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று நகர்ந்துவிடாதீர்கள். மணி அடிக்கும் வரை என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். இன்னும் ஒரு வகுப்பு உட்காருங்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்.

போன மாதம் குலதெய்வப் பொங்கலுக்காகப் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடினோம். புவனகிரி பக்கம் எங்கள் ஊர். உறவுகளுக்குத் தெரியும். கோயில் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆலமரம் போட்டு, கிளைக்குக் கிளை பெயர் எழுதி, "எங்கள் வம்ச விருட்சம்" என்று தலைப்பு. தம்பி முறையுள்ள ஒருவர் இரண்டு வருடம் அலைந்து சேகரித்தது. உழைப்பு சாதாரணமில்லை, முதலில் அதைப் பாராட்டிவிடுகிறேன்.

பிறகு வாத்தியார் புத்தி, எண்ணினேன். ஐந்து தலைமுறை, 86 பெயர்கள். 86-ம் ஆண்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே சின்ன எழுத்தில் "மகள்கள் – 2", "மகள்கள் – 3" என்று இருந்தது. மகன் என்றால் பெயர், மகள் என்றால் எண்ணிக்கை. ஆட்டுப்பட்டிக் கணக்கு கூட இதைவிட மேல், அதில் கறுப்பு எது, செவலை எது என்றாவது சொல்லுவார்கள்.

என் தாத்தா பெயருக்குக் கீழே "மகள் – 1" என்று இருந்தது. அந்த ஒன்று, எங்கள் மலாயா அத்தை.

"தம்பி, அத்தை பேரையாவது போட்டிருக்கலாமே" என்றேன். "பொம்பளைப் பிள்ளைங்க பேரையும் சேர்த்தா ஃப்ளெக்ஸ்ல இடம் பத்தாதுக்கா" என்றார். "அத்தை நேதாஜி பட்டாளத்துல இருந்தவங்க" என்றேன். "அதுக்கு ப்ரூஃப் இருக்காக்கா?" என்றார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "அது மலாயாவுல பட்டாளத்துக்காரனுங்களோட ஓடிப்போன பொண்ணு. அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றார்.

அங்கே நான் சண்டை போடவில்லை, பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. இங்கே போடுகிறேன்.

முதலில் "ப்ரூஃப்". அந்த மரத்தின் அடியில் ஒரு மூதாதை இருக்கிறார். தஞ்சாவூரிலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்தவராம். குதிரைக்கு யாராவது ப்ரூஃப் கேட்டோமா? ஆண் வந்தால் குதிரையோடு நம்புவோம். பெண் நடந்து வந்தாலும் டிக்கெட் கேட்போம்.

சரி, கேட்டது நல்ல கேள்விதான். வரலாறு சொல்லிக்கொடுத்தவள் ப்ரூஃப் கேட்டதற்குக் கோபப்படக்கூடாது. பதில் சொல்கிறேன்.

தாத்தாவும் ஆயாவும் 1920-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்கள். அந்தக் காலத்தில் தென்னாற்காட்டிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கங்காணி வந்து ஆள் கட்டிக்கொண்டு போவது வழக்கம். 1938-ல் இந்திய அரசு நிறுத்தும் வரை அது நடந்தது. அப்பா படிக்கட்டும் என்று அவரை ஊரில் பெரிய ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அங்கேயே 1926-ல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பத்து வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டம் நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் அரிசி நிற்கும். மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். தோட்டத்து ஆண்களைச் சயாம் – பர்மா ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போன தமிழர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. மரண ரயில் என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான்.

அந்த நேரத்தில்தான் நேதாஜி வந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் பெண்கள் கூட்டத்தில் ஜான்சி ராணி பெயரில் ஒரு படை வேண்டும் என்று பேசினார். அக்டோபர் 22-ல் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-ல் சிங்கப்பூர் போனவர். கேப்டன் லட்சுமி என்று உங்களுக்குத் தெரியும். சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? ஆயிரம் என்று சொல்பவர்களும் உண்டு, சில நூறுதான் என்று கணக்குப் போட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். பெரும்பாலானவர்கள் மலாயாவின் தமிழ்ப் பெண்கள், அதிலும் நிறையப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள்.

இப்போது "ஓடிப்போன பொண்ணு" என்ற பெரியவருக்கு. ஐயா, அந்தப் படையில் ஓடிவந்து சேர முடியாது. மணமாகாத பெண் என்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். மணமானவள் என்றால் கணவன் கையெழுத்து வேண்டும். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற ஜானகி ஆதி நாகப்பன், கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண், நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அவர் கூட அப்பாவின் கையெழுத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கேப்டன் லட்சுமி வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் அந்த அப்பா சம்மதித்தார். அவர்களுக்கே அப்படியென்றால், எழுதப் படிக்கத் திணறும் என் தாத்தாவின் மகளுக்கு?

தாத்தா கையெழுத்துப் போட்டார். இது யூகம் இல்லை. 2018-ல் ஊர் வீட்டை இடித்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. 1946-ல் தாத்தா தோட்டத்துக் கிராணியிடம் சொல்லி எழுதவைத்து அப்பாவுக்கு அனுப்பியது. மூன்று செய்திகள் அதில் இருக்கின்றன. தங்கச்சி பட்டாளத்திலிருந்து உயிரோடு திரும்பிவிட்டாள். நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், அவள் மேல் குற்றமில்லை. மூன்றாவது, ஊருக்கு அனுப்பப் போகிறேன், இந்த விஷயத்தை யாரிடமும் மூச்சு விடாதே, கல்யாணம் ஆக வேண்டும்.

முடியைக் கத்தரித்துக்கொண்டு, கால்சட்டை போட்டு, துப்பாக்கி பிடித்த பெண்ணை 1947-ல் புவனகிரி பக்கம் யார் கட்டுவார்கள் என்பது தாத்தாவின் பயம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவர் மகளைக் காப்பாற்ற நினைத்தார். அப்பா தன் அப்பாவின் வார்த்தையை அறுபது வருடம் காப்பாற்றினார். ஒருவர் பயந்தார், ஒருவர் கீழ்ப்படிந்தார். அதற்குப் பிறகு வந்த நாம் என்ன செய்தோம்? பயப்படவும் காரணம் இல்லாமல், கீழ்ப்படியவும் ஆள் இல்லாமல், சோம்பலில் மறந்தோம். விட்ட இடத்தைக் கதை நிரப்பியது. "பட்டாளத்துக்குப் போனாள்" என்பது இரண்டு தலைமுறையில் "பட்டாளத்துக்காரனோடு போனாள்" ஆகிவிட்டது. ஒரு பெண்ணின் பெயர் கெட இது போதும்.

இனி அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். நான் ஃப்ளெக்ஸ் விஷயத்தைக் குடும்பக் குழுவில் எழுதிய மறுநாளே, பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஒருவன் ஒரு படம் போட்டான். பெண் படையை நேதாஜி பார்வையிடும் பழைய படம். வரிசையில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "எங்கள் குலத்தின் வீரமங்கை! இம்பால் போர்க்களத்தில் வெள்ளையனைச் சுட்டு வீழ்த்தியவர்! நேதாஜியின் மெய்க்காப்பாளர்!" ஒரே நாளில் அறுபது கைகூப்பல்கள்.

கண்ணா, உன் பாசம் புரிகிறது. ஆனால் அந்த முகம் அத்தை இல்லை. இம்பாலில் அத்தை சுடவும் இல்லை. ஜான்சி ராணிப் படை போர்முனைக்குப் போகத் தயாராக பர்மாவில் மேம்யோ வரை போனது. 1944-ல் இம்பால் படையெடுப்பு தோற்றதால் அவர்கள் களத்துக்கு அனுப்பப்படவில்லை. அங்கே அவர்கள் செய்தது என்ன தெரியுமா? காயத்தோடும் மலேரியாவோடும் சீதபேதியோடும் மலையிறங்கி வந்த சிப்பாய்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை. குண்டு விழும்போதும் அங்கேயே இருந்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது ஒரு பிரிவுப் பெண்கள் நேதாஜியோடு வாரக்கணக்கில், பெரும்பாலும் இரவில், நடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். புத்தகங்களில் பெரும்பாலும் இந்த முதல் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள்.

இது போதாதா? எதற்கு ஒரு பொய்த் துப்பாக்கி? சீழ் துடைத்த கையைவிடச் சுட்ட கை பெரிது என்று உனக்கு யார் சொன்னது? பேரை மறைத்தவர்களும் சரி, பொய் மாலை போட்டவர்களும் சரி, செய்வது ஒரே வேலைதான். இரண்டு பேருக்குமே உண்மையில் வாழ்ந்த அந்தப் பெண் தேவைப்படவில்லை.

"நாட்டுக்காகப் போனாளா, சோத்துக்காகப் போனாளா?" என்று இன்னொருவர் கேட்டார், ஏதோ மடக்கிவிட்டது போல. பதினேழு வயதுப் பெண். தோட்டத்தில் பசி. அண்ணன் தம்பி முறையுள்ளவர்கள் சயாமுக்குப் போய் வரவில்லை. மேடையில் ஒருவர் "நீயும் மனுஷி, உனக்கும் ஒரு நாடு உண்டு" என்கிறார். துரைக்கும் கங்காணிக்கும் கும்பிடு போட்டே வளர்ந்தவளுக்கு அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இதில் சோறு எது, நாடு எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். வேலை வேண்டும் என்று பட்டாளத்தில் சேர்ந்த நம் வீட்டு ஆண்களிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு பெண்ணைப் பாருங்கள். கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள். 1927 நீல் சிலை சத்தியாக்கிரகத்தில் மகளோடு சிறை போனவர். பிறகு கர்ப்பிணியாகச் சிறை சென்று, பரோலில் வந்து பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு சிறை திரும்பியவர். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பேர். 1937-ல் சட்டமன்ற உறுப்பினரானார். அவரை நம்மால் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. ஏன்? வழக்கு இருக்கிறது, தண்டனை இருக்கிறது, சிறைக் கணக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் அவரைத் தண்டித்ததால் எழுதி வைத்தான். ஐ.என்.ஏ.விலும் செங்கோட்டையில் வழக்கு நடத்தப்பட்ட ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் நாடே அறிந்தது. தோட்டத்துப் பெண்களைக் கூண்டில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. "வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். 1972-ல் தியாகிகள் ஓய்வூதியம் வந்தபோது சிறையில் இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். சிறைக்கே போகாதவள் எங்கே போவாள்? அத்தை விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே.

இப்போது என் மேலுள்ள கோபம்.

1985 என்று நினைவு. அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை அப்போது எங்களோடு சிதம்பரத்தில் இருந்தார். காலை நாலு மணிக்கு எழுவார். போர்வையை மூலைக்கு மூலை பிடித்துக் கட்டம் கட்டமாக மடிப்பார். வாசலில் ஆடு புகுந்தால் "பாயே முட்!" என்று அதட்டுவார், நாங்கள் சிரிப்போம். ஐ.என்.ஏ.வில் கட்டளைகள் இந்துஸ்தானியில்தான் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மேசை மேலிருந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நேதாஜி படத்தில் நின்றார். "ஏம்மா, அவரு இருக்காரு. எங்க பட்டாளம்?" என்று கேட்டார்.

நான் தலை நிமிராமல், "அடுத்த பக்கம் கடைசி வரி, அத்தை" என்றேன்.

பக்கத்தைத் திருப்பிப் படித்தார். ஜான்சி ராணிப் படைக்கு ஒரே ஒரு வரி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். 1994-ல் இறந்தும் போனார். "எங்கே பட்டாளம்" என்று அவர் கேட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். "எங்களுடைய பட்டாளம்" என்று கேட்டார் என்பது, முப்பத்து மூன்று வருடம் கழித்து டிரங்குப் பெட்டிக் கடிதம் கையில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? ஒரு மதிப்பெண்" என்று எத்தனை வருடம் கேள்வி எடுத்திருப்பேன். அந்தப் படையில் இருந்தவர் என் வீட்டுத் தாழ்வாரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். விடைத்தாள் முக்கியமாகப் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், தேடுவதற்கு முன் கேளுங்கள். இது இன்றைய வீட்டுப்பாடம்.

ஒன்று. வீட்டில் இருக்கும் மிக வயதான பெண்ணிடம் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் நிலக் கணக்கு வரும், பெண்களிடம் கேட்டால் யார் யாரோடு இருந்தார்கள் என்பது வரும். "வீர சாகசம் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "ஜப்பான்காரன் காலத்துல நீங்க எங்க இருந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, கூட யார் இருந்தா?" என்று கேளுங்கள். அவர் போய்விட்டார் என்றால், அவர் மகளிடம், மருமகளிடம் கேளுங்கள்.

இரண்டு. முதலில் முழுப் பெயர். மலாயா அத்தை, ரங்கூன் ஆயா, கண்டிச் சித்தி என்று ஊர்ப் பெயர் வைத்தே கூப்பிட்டுப் பெயரைத் தொலைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். இரண்டிலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் கிராணி எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதியிருப்பார். ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள்.

மூன்று. பழைய காகிதத்தில் "கடலூர் மாவட்டம்" என்று தேடாதீர்கள். 1993 வரை நாம் தென்னாற்காடு. "தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா" என்றுதான் இருக்கும். தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. கடிதத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும், கோப்பில் ஆங்கிலப் பெயர் இருக்கும்.

நான்கு. எந்தக் கப்பல் என்று கேளுங்கள். "ரஜூலா"வா? பிறகு ஓடிய, நம் ஊர்ப் பெயரே வைத்த "சிதம்பரம்" கப்பலா? 1985 தீ விபத்தோடு அந்தப் பயணமே நின்றது. கப்பல் தெரிந்தால் காலம் தெரியும். ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர்களின் "அபிலேக் படல்" இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடத் தொடங்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்தவர்களின் வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன.

ஐந்து. கிடைத்ததை மட்டும் எழுதுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அத்தை மேம்யோ வரை போனாரா, சிங்கப்பூர் முகாமிலேயே இருந்தாரா என்பது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். காலி இடம் அவமானம் இல்லை, பொய்யால் நிரப்புவதுதான் அவமானம்.

அவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று பார்த்து ஒதுக்காதீர்கள். 1942-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவமும் பெண்கள் துணைப்படை தொடங்கியது. அதில் நம் பெண்களும் தட்டச்சு அடித்தார்கள், தொலைபேசி இணைத்தார்கள். அவர்களும் யாரோ ஒருவருடைய அத்தைதான். முதலில் பெயரை எழுதுங்கள், தீர்ப்பை அப்புறம் எழுதலாம்.

அத்தையின் பெயர், பிறந்த தோட்டம், கடிதத்தின் படம் மூன்றையும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். பொதுவெளியில் வேண்டாம் என்று அத்தை மகள் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. அம்மா பட்டாளத்தில் இருந்ததை அவர் எழுபது வயதில் என் மூலம்தான் தெரிந்துகொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் எனக்குச் சின்ன வயசுல பின்னல் போடத் தெரியாம திணறுவாங்களோ" என்றார்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த வருடப் பொங்கலுக்கு ஃப்ளெக்ஸ் செலவு என்னுடையது. எத்தனை அடி வேண்டுமானாலும் அடித்துக்கொள். "மகள்கள் – 2" என்று மட்டும் ஒரு இடத்திலும் இருக்கக்கூடாது. பெயர் கிடைக்காத பெண்களுக்குக் கோடு போட்டு விடு. யாராவது வந்து நிரப்புவார்கள்.

மற்றவர்களுக்கு: இன்று ராத்திரியே பேசுங்கள். நான் 1985-ல் தலை நிமிராமல் விட்டேன். நீங்கள் நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
சிதம்பரம்.